மைதானத்துக்கு வெளியே ஓர் அடி: ஒரே தவறுக்குக் கழகம் எத்தனை முறை தண்டிக்கலாம்?

ஹற்றனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த 24 வயது உதைபந்தாட்ட வீரர் ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். தோட்டத்தின் பெயர், கழகத்தின் பெயர், திகதிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தோட்டப் பாடசாலையில் ஆடத் தொடங்கியவர், நோர்வூட் மைதானத்தில் நடந்த போட்டியொன்றில் ஒரு பயிற்றுநரின் கண்ணில் பட்டு, இப்போது கொழும்பில் ஒரு தொழில்முறைக் கழகத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறார். ஒரு வருடம் மீதியுள்ளது. அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார். தங்கையின் படிப்புச் செலவு இவருடைய சம்பளத்தில்தான் நடக்கிறது.

கோயில் திருவிழாவுக்கு லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, இரவில் டவுனில் ஓட்டோக் கூலி விஷயமாக வாக்குவாதம். சாரதி இவரைப் பார்த்து “தோட்டக்காட்டான்” என்று தொடங்கிக் கேவலமாகப் பேசியிருக்கிறார். இவர் ஓங்கி முகத்தில் அடித்துவிட்டார். சாரதியின் உதட்டில் தையல் போட வேண்டி வந்தது. பொலிஸ் முறைப்பாடு மத்தியஸ்த சபைக்குப் போய், மருத்துவச் செலவைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, இணக்கத்தில் முடிந்திருக்கிறது.

அன்றிரவே கழக முகாமையாளர் போன் பண்ணியபோது “சின்னத் தள்ளுமுள்ளு சேர்” என்று சொன்னவர், மனம் கேட்காமல் மறுநாள் காலை, தான் அடித்ததையும் தையல் போட்டதையும் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். மூன்று நாள் கழித்துக் கழகம் மூன்று போட்டித் தடையும் அரை மாதச் சம்பளம் தண்டமும் விதித்தது. ஆங்கிலத்தில் இருந்த ஒரு கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. தடையை அனுபவித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் யாரோ எடுத்த வீடியோ பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் பரவியது. வசை பாடிய பகுதி அதில் இல்லை. அடி மட்டும் இருக்கிறது. அனுசரணையாளர் கோபப்பட, கழகம் இவரைக் கால எல்லையில்லாமல் இடைநிறுத்திச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டது. ‘இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பிரிகிறோம்’ என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி முகாமையாளர் வற்புறுத்துகிறார். இதற்கிடையில் லீக்கின் ஒழுக்காற்றுக் குழுவும் 14 நாட்களுக்குள் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறது.

“வழக்கே முடிந்துவிட்டது, இனி என்னை எப்படித் தண்டிக்கலாம்? மைதானத்துக்கு வெளியே நடந்தது இவர்களுக்கு எதற்கு? அமெரிக்காவில் இப்படி ஒரு வீரரின் தண்டனையை நீதிமன்றம் ரத்துச் செய்ததாம், இங்கே முடியாதா? மாமாவுக்குத் தெரிந்த ஒரு எம்.பி. மூலம் விளையாட்டு அமைச்சரிடம் பேசலாமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாலைதீவுக் கழகமொன்றுக்குப் போய்விடவா?” என்று கேட்கிறார்.

தம்பி,

முதலில் அந்த 14 நாள். அதை விட்டுவிடாதீர்கள். லீக்கின் கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டு, “சந்தர்ப்பம் கொடுத்தோம், அவர் வரவில்லை” என்று எழுதிவைக்க முடியும். முழு விளக்கம் தயாராகவில்லை என்றாலும், “கடிதம் கிடைத்தது, பதிலளிப்பேன், இன்னின்ன ஆவணங்களின் பிரதி வேண்டும், இன்னும் சில நாள் அவகாசம் வேண்டும்” என்று இன்றே ஒரு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பிரிகிறோம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் சேர்” என்று மரியாதையாகச் சொல்லலாம். அதற்காக யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சிலவற்றில் நீங்கள் நினைப்பது சரியில்லை. சிலவற்றில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் நிலை பலமாக இருக்கிறது.

மைதானத்துக்கு வெளியே நடந்தாலும்

கழகத்துக்கும் லீக்குக்கும் இதில் அதிகாரமே இல்லை என்ற வாதம் நிற்காது. தொழில்முறை ஒப்பந்தங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் கழகத்தின் அல்லது ஆட்டத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தக் கூடாது என்று ஒரு வாசகம் இருக்கும். அது லீவு நாளையும் சேர்த்தே பிடிக்கும். நம் நாட்டிலேயே பார்த்தோமே. 2021 ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹாமில் குசல் மெண்டிஸ், தனுஷ்க குணதிலக்க, நிரோஷன் டிக்வெல்ல மூவரும் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி இரவில் வெளியே இருந்தது ஒரு வீடியோவில்தான் வெளிப்பட்டது. ஆட்டத்தில் அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் சர்வதேசப் போட்டிகளில் ஒரு வருடத் தடையும் ஆளுக்கு ஒரு கோடி ரூபா தண்டமும் வந்தது. 2022 ஜனவரியில் தடையை முன்கூட்டியே நீக்கினார்கள்.

வழக்கு முடிந்தது என்பதும் முழுப் பதில் இல்லை. குற்றவியல் நீதிமன்றம் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்லும். ஒழுக்காற்று விசாரணைக்கு அவ்வளவு தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே போதும். கேட்கும் கேள்வியும் வேறு. ‘குற்றம் செய்தாரா’ என்று நீதிமன்றம் கேட்கிறது. ‘ஒப்பந்தத்தை மீறினாரா’ என்று கழகம் கேட்கிறது. இங்கிலாந்தின் கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் நடந்த அடிபிடி வழக்கில் 2018 ஆகஸ்டில் ஜூரியால் விடுதலை செய்யப்பட்டார். அதே வருடம் டிசம்பரில் கிரிக்கெட் ஒழுக்காற்று ஆணைக்குழு அவருக்கு எட்டுப் போட்டித் தடையும் 30,000 பவுண் தண்டமும் விதித்தது.

அந்த முடிவில் உங்களுக்குப் பயன்படுகிற ஒரு விஷயமும் இருக்கிறது. வழக்கு நடந்த காலத்தில் அவர் அணியில் இல்லாமல் இழந்த போட்டிகளை அந்த எட்டில் கழித்துக்கொண்டார்கள். அதனால் அவர் மேலும் ஒரு போட்டியைக்கூட இழக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், லீக் விசாரணையில் தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்தியஸ்த சபை இணக்கம் ஒரு குற்றத்தீர்ப்பு அல்ல. உங்கள் பெயரில் தண்டனைப் பதிவு எதுவும் அதனால் வராது. கழகத்தின் இரண்டாவது கடிதம் உங்களைக் ‘குற்றவாளியாகக் காணப்பட்டவர்’ என்று குறிப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிழை, உங்கள் பதிலில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். இணக்கச் சான்றிதழின் பிரதியை மத்தியஸ்த சபையில் கேட்டு வாங்கி இணையுங்கள்.

அந்த அமெரிக்க வழக்கு உண்மையில் என்ன

நீங்கள் குறிப்பிடுவது ரே ரைஸ் விவகாரமாகத்தான் இருக்க வேண்டும். ‘அமெரிக்கன் ஃபுட்போல்’ (நம் உதைபந்தாட்டம் அல்ல) லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடியவர். தன் வருங்கால மனைவியை அடித்தார். மிகப் பாரதூரமான குற்றம் அது, உங்களுடையதோடு ஒப்பிடக்கூடியதல்ல. ஆனால் அதன் நடைமுறை உங்கள் கதையோடு அப்படியே பொருந்துகிறது. 2014 ஜூலையில் லீக் அவருக்கு இரண்டு போட்டித் தடை விதித்தது. செப்டம்பரில் லிஃப்டுக்குள் எடுக்கப்பட்ட வீடியோ வெளியே வந்து நாடே கொதித்ததும், அதே சம்பவத்துக்குக் கால எல்லையில்லாத் தடை விதித்தது. அதை ரத்துச் செய்தது நீதிமன்றம் அல்ல. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நடுவரான முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ், நவம்பர் 28 அன்று ரத்துச் செய்தார்.

ஏன் ரத்துச் செய்தார் என்பதுதான் முக்கியம். ‘வீரர் எங்களிடம் பொய் சொன்னார், வீடியோ வந்தபிறகுதான் உண்மை தெரிந்தது’ என்று லீக் வாதிட்டது. நடுவர் அதை ஏற்கவில்லை. ரைஸ் முதல் விசாரணையிலேயே நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார், லீக்குக்குத் தெரிந்த அதே விஷயத்துக்கு இரண்டாம் முறை தண்டிப்பது தான்தோன்றித்தனம் என்றார்.

இப்போது உங்களுடைய அந்தக் குரல் பதிவுக்கு வாருங்கள். முதல் போன் பேச்சில் ‘தள்ளுமுள்ளு’ என்று சொன்னது உங்களுக்குப் பாதகம்தான், மறைக்க முயல வேண்டாம். ஆனால் மறுநாள் காலையே, கழகம் தண்டனையை முடிவுசெய்வதற்கு மூன்று நாள் முன்பே, அடித்ததையும் தையலையும் நீங்களாகவே சொல்லிவிட்டீர்கள். அதைக் கேட்டபிறகுதான் மூன்று போட்டித் தடை வந்தது. அப்படியென்றால் வீடியோவில் கழகத்துக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன? சம்பவம் பழையது. அனுசரணையாளரின் கோபம் மட்டும்தான் புதியது. உங்கள் முழு வாதமும் இந்த இடத்தில் நிற்கிறது. ஆகவே போனை மாற்றவோ வட்ஸ்அப்பை அழிக்கவோ வேண்டாம். அந்தப் பதிவையும், அனுப்பிய நேரமும் நீல ‘டிக்’கும் தெரிகிற ஸ்கிரீன்ஷொட்டையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

கையெழுத்துப் போட்ட ஆங்கிலக் கடிதம் பற்றி மிகவும் பயந்து எழுதியிருக்கிறீர்கள். ‘என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போட்டேன், ஆகவே செல்லாதுதானே’ என்று கேட்கிறீர்கள். பொதுவாக அப்படி இல்லை. வாசிக்காமல் போட்ட கையெழுத்தும் கட்டுப்படுத்தும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று காட்டினால்தான் கதை மாறும். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தை நான் வாசித்தேன். தண்டனையை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகவும், இச்சம்பவம் தொடர்பான கழகத்தின் நடவடிக்கை இத்துடன் முடிவடைவதாகவும் அதன் கடைசிப் பந்தி சொல்கிறது. செல்லாது என்று நீங்கள் சொல்ல நினைத்த அந்தத் தாளைத்தான் நீங்கள் முன்னால் வைத்து வாதாட வேண்டும். கழகம் தன் கையாலேயே எழுதி முடித்துவைத்த விஷயம் அது.

ரே ரைஸ் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் வென்றார், ஆனால் அதன்பிறகு என்.எஃப்.எல்.லில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அதே லீக்கின் இன்னொரு வீரர் ஏட்ரியன் பீட்டர்சன் தன் தடையை எதிர்த்து 2015இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டது. லீக் ஆணையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரத்தை வீரர் சங்கமே கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது, அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று அங்கே நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2021இல் தோட்டக் கம்பனிகள் அதிலிருந்து விலகியபோது, சம்பளத்தோடு வேறு என்னென்ன அதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்க வீரருக்குப் பின்னால் அப்படி ஒரு சங்கமும் ஒப்பந்தமும் இருக்கின்றன. உங்களுக்கு இருப்பது நீங்கள் தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதனால் அங்கே நடந்ததை இங்கே ஒரு முன்தீர்ப்பாகக் காட்ட முடியாது, ஒரு நியாயமாகக் காட்டலாம். அந்த நியாயம் எந்த மொழியிலும் விளங்கும்.

ஆகவே நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய குறி, திரும்பவும் ஆடுவது. கழகத்தைத் தோற்கடிப்பது அல்ல. கீழே சொல்கிற எல்லாவற்றையும் இந்தக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள்.

விசாரணையில்

தோட்டத்தில் ஒருவருக்கு விசாரணை வைத்தால் என்ன நடக்கும் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். என்ன குற்றம் என்று கடிதம் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். கூட வர ஒருவரை அனுமதிக்க வேண்டும். முறைப்பாடு செய்தவரே தீர்ப்புச் சொல்பவராகவும் உட்காரக் கூடாது. ஒழுக்காற்றுக் குழுவுக்கும் இவையே அடிப்படை. கழகத்தின் இரண்டாவது தண்டனையில் இதில் ஒன்றுமே நடக்கவில்லை. உங்களை அழைக்கவே இல்லை. லீக் விசாரணையிலாவது இவற்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த விதியின் எந்தப் பிரிவை மீறினீர்கள், அந்த விதிப்புத்தகத்தின் பிரதி, அவர்களிடம் உள்ள வீடியோ முழுவதும், குழுவில் யார் யார், தமிழில் பேச அனுமதி அல்லது மொழிபெயர்ப்பாளர். கடைசியில் சொன்னதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அரைகுறைச் சிங்களத்தில் பேசி, சொல்ல வந்தது ஒன்று, பதிவானது ஒன்று என்று ஆகிவிட்டால் பிறகு திருத்துவது மிகக் கடினம். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. அதை நீங்கள் சலுகையாகக் கேட்கவில்லை.

அடித்தேன் என்பதை நேராக ஒத்துக்கொள்ளுங்கள். ‘ஆனால்’ போட்டுத் தொடங்காதீர்கள். ஒத்துக்கொண்டபிறகு, நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள், அந்த வசைச் சொல் உட்பட. அது அடித்ததை நியாயப்படுத்தாது. ஆனால் கோபமூட்டல் தண்டனையின் அளவைக் குறைக்கக் கூடிய விஷயம். வீடியோவில் அது இல்லாதபடியால், நீங்கள் சொல்லாவிட்டால் குழுவுக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லித்தான் ஆக வேண்டும். கூட நின்ற நண்பர்கள் இருவரும் தாங்கள் கேட்டதை எழுதி, திகதி போட்டுக் கையெழுத்திட்டுத் தரட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதக் கூடாது.

சாரதியைத் தேடிப் போகாதீர்கள். ‘அவர் கடிதம் ஒன்று தந்தால் நல்லதுதானே’ என்று யாராவது சொல்வார்கள். இணக்கம் முடிந்துவிட்டது, அவருக்குரிய மன்னிப்பையும் பணத்தையும் கொடுத்துவிட்டீர்கள். இனி நீங்கள் போனால் அது மிரட்டலாகத் தெரியும். அடிபட்டவர் அவர். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, அந்த ஓட்டோவில் வருகிற கூலியில் ஓடுகிற வீடு இருக்கிறது. உங்கள் நண்பர்கள் அவருடைய படத்தைப் போட்டுத் திட்டுகிற பதிவுகளை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களும் ‘என் பக்கத்து உண்மை’ என்று லைவ் போகாதீர்கள். இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஒலி ரொபின்சன் பதின்ம வயதில் போட்ட டுவீட்டுகளுக்கு 2021இல், பல வருடம் கழித்து, எட்டுப் போட்டித் தடை பெற்றார். அதில் ஐந்தை நிறுத்திவைத்தார்கள்.

அப்படி நிறுத்திவைக்கும் தண்டனையைத்தான் நீங்கள் லீக்கிடம் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். தண்டனை உண்டு, ஆனால் குறித்த காலத்துக்குள் மறுபடி தவறு செய்தால் மட்டுமே நடைமுறைக்கு வரும். 2022இல் இலங்கை கிரிக்கெட் சாமிக்க கருணாரத்னவுக்கு விதித்த ஒரு வருடத் தடை இந்த மாதிரித்தான், கூடவே 5,000 டொலர் தண்டம். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கழகம் ‘முடிந்தது’ என்று எழுதிய கடிதம் கழகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். லீக் தனி அமைப்பு, அதற்கு இது முதல் விசாரணை. ஆகவே லீக்கிடம் ‘இரண்டாவது முறை தண்டிக்கக் கூடாது’ என்று வாதிடுவதைவிட, ‘ஏற்கெனவே மூன்று போட்டிகள் இழந்துவிட்டேன், இப்போது இடைநிறுத்தத்தில் இன்னும் போட்டிகளை இழக்கிறேன், அவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது பலிக்கும். ஸ்டோக்ஸ் விஷயத்தில் நடந்தது அதுதான்.

சம்பளமும் நீதிமன்றமும்

சம்பளமில்லாமல் இடைநிறுத்தலாம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? அந்தப் பக்கத்தை நீங்கள் அனுப்பவில்லை. எழுதியில்லை என்றால் நிறுத்திய சம்பளத்தைக் கேட்க உங்களுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அவுஸ்திரேலிய ரக்பி லீக் 2019இல் கொண்டுவந்த விதியில், பாரதூரமான குற்றச்சாட்டுள்ள வீரரை வழக்கு முடியும்வரை ஆடவிடாமல் நிறுத்துகிறார்கள், ஆனால் சம்பளம் முழுதாகப் போகிறது. தீர்ப்புக்கு முன் ஒருவரின் வயிற்றில் அடிப்பதில்லை என்ற எண்ணம் அது.

உங்கள் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் வெட்டுகிறார்களா என்று பாருங்கள். வெட்டினால், கழகமும் 12 சதவீதம் கட்டினால், நீங்கள் அவர்களின் ஊழியர் என்பதற்கு அது பலமான சான்று. பயிற்சி நேரம், தங்குமிடம், வேறெங்கும் ஆடக் கூடாது என்ற கட்டுப்பாடு, இவையும் சேர்ந்துகொள்ளும். ஊழியர் என்று நிறுவ முடிந்தால், கழகம் உங்களை நீக்கிய திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கே செலவு குறைவு. ஒப்பந்தத்தின் எழுத்தோடு நிற்காமல் எது நியாயம் என்றும் பார்ப்பார்கள். ஆனால் நீங்களாகவே பிரிகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், ‘நீக்கினார்கள்’ என்று பிறகு சொல்ல முடியாது. முகாமையாளர் அந்தக் கையெழுத்துக்காக ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

அடிப்படை உரிமை மீறல் மனு போடலாம் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் அந்த மனு, அரசின் நிருவாகச் செயலுக்கு எதிரானது. தனியார் கழகம் ஒன்று உங்கள் சம்பளத்தை நிறுத்தியதற்கு அது பொருந்தாது. அதற்கு ஒரு மாதக் கால எல்லையும் உண்டு. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எழுத்தாணையும் (ரிட்) பொது அதிகாரத்தைப் பயன்படுத்தும் அமைப்புகளுக்கானது. உங்கள் பிரச்சினை ஒப்பந்தப் பிரச்சினை. தொழில் நியாய சபை, இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். அதற்கு முன்னால், லீக்கின் விதியில் உள் மேன்முறையீடு இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் நீதிபதி முதலில் கேட்பதே அதைத்தான். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவுவார்கள்.

அமைச்சரும் மாலைதீவும்

மாமாவின் யோசனை அன்பில் வந்தது, ஆனால் வேண்டாம். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஆகஸ்டில்தான் அந்தத் தடையை நீக்கியது. அதே வருடம் நவம்பரில் ஐ.சி.சி. இலங்கை கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. இரண்டுக்கும் காரணம் அரசாங்கத் தலையீடு. அந்தக் காயம் ஆறாத இடத்தில், ஒரு வீரரின் ஒழுக்காற்று விஷயத்துக்கு அமைச்சரிடமிருந்து போன் வந்தால், குழுவில் உங்கள் மேல் அனுதாபம் உள்ளவர்கள்கூட ஒதுங்கிவிடுவார்கள். எம்.பி. உதவ நினைத்தால், நல்ல சட்டத்தரணி ஒருவரை அறிமுகப்படுத்தட்டும்.

மாலைதீவு நல்ல வாய்ப்புத்தான். நம் வீரர்கள் பலர் அங்கே ஆடியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது இன்னொரு கழகத்தில் கையெழுத்திட்டால், இதுவரை நீதி கேட்டவராக இருந்த நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். நாடு மாறி ஆடுவதற்கு இங்கிருந்து சர்வதேச மாற்றுச் சான்றிதழ் போக வேண்டும், தகராறு அங்கேயும் பின்தொடரும். லீக் தடை விதித்தால், பாரதூரமான விஷயமென்று கருதினால், அதை உலகம் முழுவதற்கும் நீட்டிக்க ஃபிஃபாவுக்கு அதிகாரம் இருக்கிறது.

போகவே விரும்பினால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் இரண்டாவது தெரிவாகச் சொல்வேன். கழகத்துக்கு நீங்கள் வேண்டாம், உங்களுக்கும் அங்கே நிம்மதி இல்லை என்றால், பிரிவது இருவருக்கும் நல்லதாக இருக்கலாம். ஆனால் அவர்கள் எழுதிய கடிதத்தில் அல்ல. நிறுத்திவைத்த சம்பளம் முழுவதும், மீதி ஒப்பந்தத்துக்கு ஒரு இழப்பீடு, மாற்றுச் சான்றிதழுக்குத் தடை சொல்ல மாட்டோம் என்ற உறுதி, உங்களைப் பற்றி ஊடகத்தில் பேச மாட்டோம் என்ற உறுதி, இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழிலோ உங்களுக்குப் புரிகிற மொழியிலோ ஒரு பிரதி கையில் இருக்க வேண்டும். பணம் வங்கிக்கு வந்தபிறகுதான் கையெழுத்து. இரண்டாவது தண்டனை எவ்வளவு பலவீனமானது என்று கழகத்தின் சட்டத்தரணிக்கும் தெரிந்திருக்கும். உங்கள் பதில் கடிதம் போனபிறகு அவர்கள் பேசுகிற தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இடைநிறுத்தத்தில் இருக்கும்போது கழகத்தோடு பயிற்சி செய்ய அனுமதி கேட்டும் ஒரு வரி எழுதுங்கள். மறுத்தால் அதுவும் பதிவாகும். அனுமதித்தால் உடம்பு தளராது. மறுத்துவிட்டால், ஊர் மைதானத்தில் பயிற்சியை விடாதீர்கள், என்றைக்கு என்ன செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள். தடை முடிகிற நாளில் ‘ஆடத் தகுதியில்லை’ என்று இன்னொரு காரணம் சொல்ல இடம் வைக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், கழகத்தின் இரண்டு கடிதங்களையும், லீக்கின் கடிதத்தையும், இணக்கச் சான்றிதழையும், சம்பளச் சீட்டுகளையும் ஒரு கோப்பில் போட்டு, லீக்குக்கு விளக்கம் அனுப்புவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். குரல் பதிவை அவர் முன்னால் போட்டுக் காட்டி, அதை எழுத்தில் இறக்கி விளக்கத்தோடு முதல் இணைப்பாக வைக்கச் சொல்லுங்கள்.